முந்நூற்றுப் பன்னிரண்டு முகங்கள்

ஜலகண்டாபுரம் கடைவீதியில் வாணி டிடிபி என்று ஒரு கடை இருக்கிறது. கடை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வருகிறவர் உட்கார ஒரு ஸ்டூல். இரண்டாவதாக ஒருவர் வந்தால் வாசலில்தான் நிற்க வேண்டும். கடைக்காரி கோகிலவாணிக்கு முப்பத்தாறு வயது. ஆலங்காட்டம்மன் கோயில் கும்பாபிஷேக மலரை அவளே செய்யட்டும் என்று விழாக் கமிட்டியில் முடிவான செய்தி வந்த மத்தியானம், அவள் என்ன செய்தாள் தெரியுமா? பாதி அடித்திருந்த யாரோ ஒருவரின் பட்டா மனுவை அப்படியே விட்டுவிட்டு, ஷட்டரை இழுத்துப் பூட்டி, ஸ்கூட்டியில் வீட்டுக்கு ஓடி, கணவன் கலையரசனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். போனில் சொல்லியிருக்கலாமே என்று அவன் கேட்டானாம். போனில் சொன்னால் உங்கள் மூஞ்சியைப் பார்க்க முடியாதே என்றாளாம். அவள் திரும்பி வரும்வரை மனுக்காரர் ஸ்டூலோடு வெளியே உட்கார்ந்திருந்தார், பாவம்.

இத்தனை ஆட்டம் எதற்கு என்றால், காரணம் இருக்கிறது. கோகிலவாணி பதினைந்து வருஷம் இன்னொருவர் கடையில் சம்பளத்துக்கு டைப் அடித்தவள். காதுகுத்துப் பத்திரிகை, பூப்புனித நன்னீராட்டு விழா, தறிக்காரர்களின் பில் புக், பள்ளிக்கூடக் கேள்வித்தாள், கண்ணீர் அஞ்சலி என்று அந்த ஊரில் பிறந்தவர், போனவர் அத்தனை பேர் பெயரும் அவள் விரல் வழியாகத்தான் போயிருக்கிறது. அவள் பெயர் மட்டும் எந்தக் காகிதத்திலும் வந்ததில்லை. பத்திரிகையின் அடியில் கடை பெயர் வரும், போன் நம்பர் வரும், அடித்தவள் பெயரை யார் போடுவார்கள்? புத்தகம் என்றால் சங்கதி வேறு. அதன் கடைசிப் பக்கத்தில் ‘வடிவமைப்பு’ என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்காகத்தான் அவள் தனிக்கடையே போட்டாள். வெளியில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. கலையரசனுக்கு மட்டும் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவளுக்கு எழுத்து அடிப்பது வேலை. பக்கத்தில் படம் வைப்பது ஆசை. வெறும் எழுத்தாகக் கிடக்கிற பக்கத்தில் ஒரு கட்டம் வரைந்து, அதற்குள் ஒரு படத்தைக் கொண்டுவந்து இறக்கினால், எழுத்தெல்லாம் மரியாதையாக விலகி அந்தப் படத்துக்கு இடம் விட்டு நிற்கும். இதை அவள் முதல்முதலாகப் பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பழைய முதலாளி பிள்ளையார் படத்தைத் தவிர வேறெதையும் வைக்க விடமாட்டார். அதுவும் எப்போதும் மேலே, நட்டநடுவில். ஆகவே பக்கத்துக்குப் பக்கம் படம் நிரம்பிய ஒரு புத்தகம் தன் கைக்கு வருகிறது என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மலர் என்றால் தொண்ணூற்றாறு பக்கம். கோயில் வரலாறு, திருப்பணி விவரம், பிறகு அந்தக் கோயிலைக் குலதெய்வமாகக் கும்பிடுகிற அத்தனை குடும்பங்களின் படங்கள். ஒரு வீட்டையும் விடக்கூடாது என்பது கமிட்டித் தலைவர் சுப்பையனின் உத்தரவு. அறுபது வயது, தறிகளுக்குப் பாவு நூல் ஓட்டும் பட்டறை வைத்திருப்பவர், பேச்சில் கறார். விட்டுப்போன வீட்டுக்காரன் கும்பாபிஷேகத்தன்றைக்குக் கோபுரத்தைப் பார்க்க மாட்டான், என் மூஞ்சியைத்தான் பார்ப்பான் என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

படங்கள் வந்து குவிந்தன. வாட்ஸப்பில் பாதி. மீதியை கோகிலவாணி வீடு வீடாகப் போய், சுவரிலிருந்தும் பீரோவிலிருந்தும் எடுக்கச் சொல்லி, ஸ்கேன் பண்ணிவிட்டு அன்றைக்கே திருப்பிக் கொடுத்தாள். கெங்கவல்லிப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்கள் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்கள். ஒருவர் தன் மாட்டோடு நிற்கிற படம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு படம். ஒவ்வொன்றுக்கும் அவள் கட்டம் போட்டாள், ஓரம் வெட்டினாள், மங்கியதற்கு வெளிச்சம் கொடுத்தாள், அடியில் பெயர் வைத்தாள். இருபது நாள் அவள் வீட்டில் ரசம் மட்டும்தான். கலையரசன் அதையே மூன்று வேளையும் சாப்பிட்டான்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. பக்கம் வடிவமைக்கிற சாஃப்ட்வேரில், பக்கத்தில் தெரிகிற படம் அந்தப் பக்கத்துக்குள்ளே இருப்பதில்லை. படம் வேறு போல்டரில் தனியாகக் கிடக்கும். பக்கம் அதன் விலாசத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அங்கிருந்து எடுத்துக் காட்டும். போல்டரில் இருக்கிற படத்தை மாற்றினால் பக்கத்திலும் மாறிவிடும். வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய வசதி. வசதி எப்போதும் வசதியாகவே இருக்கும் என்று யார் சொன்னது?

எல்லாப் படத்தையும் வைத்து முடித்த பிறகு கோகிலவாணி யூடியூபில் ஒரு பாடம் பார்த்தாள். புத்தக வடிவமைப்பு பற்றி ஒருவர் அழகாகச் சொல்லிக்கொண்டே போனார். அதில் ஒரு விதி: பக்கத்தில் இருக்கிற முகம் பக்கத்துக்கு உள்ளே பார்க்க வேண்டும், வெளியே பார்க்கக் கூடாது, வெளியே பார்த்தால் படிக்கிறவன் கண்ணும் புத்தகத்தை விட்டு வெளியே போய்விடும். அடடா, இதல்லவா வேலை தெரிந்தவன் பேச்சு என்று அவள் துள்ளிக் குதித்தாள். தன் பக்கங்களைப் புரட்டினால், பாதிப் பேர் வெளியே பார்த்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் போல இருந்தார்கள். படத்தை இடம் வலமாகத் திருப்ப ஒரு பட்டன் போதும். திருப்பினாள். அதே பெயரில், பழைய படத்தின் மேலேயே சேமித்தாள். பக்கத்தில் உடனே முகம் உள்ளே திரும்பியது. பிறகு கை நிற்கவில்லை. இரண்டு நாளில் நூறு, நூற்றைம்பது படம் திருப்பியிருப்பாள்; எண்ணி வைக்கவும் இல்லை, குறித்து வைக்கவும் இல்லை. பின்னால் கடை போர்டோ லாரி நம்பரோ தெரிகிற படங்களை மட்டும் தொடவில்லை. எழுத்துத் திரும்பினால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். முகம் திரும்பினாலும் கண்டுபிடிப்பார்கள் என்பதுதான் தெரியவில்லை.

அச்சுக்குப் போகும் முன் குடும்பங்கள் பார்த்துச் சரிசொல்ல வேண்டும். கமிட்டியில் அதற்கு ஒரு ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் தூணுக்குத் தூண் பாவு நூலைக் கட்டி, தொண்ணூற்றாறு பக்கத்தையும் துணிக்கிளிப்பில் தொங்கவிட்டார்கள். ஊரே வந்தது. கோகிலவாணி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஒரு தூணோரம் நின்றாள். முதல் கால் மணிநேரம் அவள் வாழ்க்கையிலேயே நல்ல கால் மணிநேரம். நம்ம ஊட்டுப் படம் இங்க, உங்க ஊட்டுப் படம் அங்க என்று ஒரே கூச்சல். மாட்டோடு நின்றவர் தன் மாட்டைத் தடவிக்கூடப் பார்த்தார்.

ஆரம்பித்து வைத்தவர் சின்னண்ணன். அவருக்கு வாலிபத்தில் விசைத்தறியில் மாட்டி இடதுகைச் சுண்டுவிரல் போய்விட்டது. அவர் தன் படத்தையே ஐந்து நிமிஷம் பார்த்தார். பிறகு இடதுகையைத் தூக்கிப் பார்த்தார். படத்தில் வலதுகையில் விரல் இல்லை.

“ஏம்புள்ள, எனக்கு இருக்கறதே ஒம்பது வெரலு,” என்றார் நிதானமாக. “இதுல நீ சோத்துக்கையில கைய வெச்சுப்புட்டயே.”

சிரிப்பு எழுந்தது. ஆனால் சிரித்தவர்கள் அடுத்த நொடி தங்கள் படத்தை உற்றுப் பார்த்தார்கள். அவ்வளவுதான். ஒருவருக்கு வாட்ச் கை மாறியிருந்தது. ஒரு தம்பதி இடம் மாறி நின்றது. மோனிஷா என்ற கல்லூரிப் பெண் தன் கன்னத்து மச்சம் அடுத்த கன்னத்துக்குப் போனதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டாள். பல பேருக்கு எது தப்பு என்று சொல்லத் தெரியவில்லை; ஆனால் ஏதோ சரியில்லை, இது எங்க அப்பாவாட்ட இல்லை என்று முகத்தைச் சுளித்தார்கள். கோகிலவாணி ஒவ்வொரு பக்கமாக ஓடி ஓடிப் பார்த்தாள். யூடியூப்காரர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே! அவர் சொல்லிக்கொடுத்தது யாரோ தெரியாத முகங்களுக்கான விதி. இங்கே தொங்குவதெல்லாம் தெரிந்த முகங்கள்.

சுப்பையன் வந்தார். நடந்ததைக் கேட்டார். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பென் டிரைவைக் கொடு, சேலத்தில் அஸ்தம்பட்டியில் ஒரு டிசைனர் ஆபீஸ் இருக்கிறது, நாளைக்குக் காலையில் அவர்களிடம் கொடுத்து முடித்துக்கொள்கிறோம் என்றார். நீ பாடுபட்டதற்கு உண்டானதைக் கொடுத்துவிடுவோம் என்றும் சேர்த்துக்கொண்டார். கோகிலவாணிக்கு அது காதில் விழவே இல்லை. கடைசிப் பக்கத்து வரியில் வேறொருவர் பெயர் ஏறுவதுதான் கண்முன் நின்றது.

“சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்கையா,” என்றாள். “ஒரு படம் தப்பா இருந்தாலும் நானே பென் டிரைவ உங்க கையில குடுத்தர்றேன்.”

“ஒண்ணு இருந்தாலும்?”

“ஒண்ணே ஒண்ணு இருந்தாலும்.”

சரி, அஞ்சு மணிக்கு வாரேன் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவர் படி இறங்கிய பிறகுதான் தான் சொன்னதன் கனம் அவளுக்கு உறைத்தது. எவற்றைத் திருப்பினோம் என்பது அவளுக்கே தெரியாது. மேலேயே சேமித்ததால் பழைய படம் எதுவும் இல்லை. வாட்ஸப்பில் வந்ததையெல்லாம் தேடி மறுபடி இறக்க இரண்டு நாள் ஆகும். சுவரில் இருந்து எடுத்து ஸ்கேன் செய்ததற்கு மறுபடி வீடு வீடாக ஏற வேண்டும். அட மடச்சி, இன்னொரு பெயரில் சேமித்திருந்தால் என்ன குடியா முழுகிப்போயிருக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்போது கலையரசன் வந்து சேர்ந்தான். யாரோ போன் பண்ணியிருக்கிறார்கள். கடையைத் திறந்து, கம்ப்யூட்டர், மானிட்டர், பிரிண்டர் அத்தனையும் வண்டியில் முன்னாலும் பின்னாலும் கட்டி, கீபோர்டை முதுகுப்பையில் சொருகிக்கொண்டு வந்திருந்தான். மைக்செட்டுக்கு இழுத்திருந்த ஒயரிலிருந்து கரண்ட் எடுத்து, அன்னதான மேஜையில் எல்லாவற்றையும் பரப்பினான். என்ன செய்யணும் சொல்லு என்று அவள் எதிரே நின்றான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தாள். சட்டைப் பையில் போன். இடதுபக்கம்.

அவ்வளவுதான், பிடித்துவிட்டாள்! உலகத்தில் எந்தத் தையல்காரன் ஆண்பிள்ளைச் சட்டைக்கு வலதுபக்கம் பாக்கெட் வைக்கிறான்? புடவை முந்தானை இடது தோளில்தானே போகிறது? பார்க்கிறவருக்கு அது வலக்கைப் பக்கம் தெரிய வேண்டும். பாக்கெட்டும் முந்தானையும் நம் வலக்கைப் பக்கம் இருந்தால் படம் சரி. இடக்கைப் பக்கம் இருந்தால் அது திருப்பின படம். அவள் எழுந்து நின்று மண்டபத்துக்கே கேட்கும்படி இதைச் சொன்னாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு தங்கள் தோளைப் பார்த்துக்கொண்டார்கள்.

முதலில் முன்னால் வந்தவள் செல்லாயி. அறுபத்திரண்டு வயது, ஒல்லி, யாரோடும் அதிகம் பேசாதவள். சுப்பையனின் செத்துப்போன அண்ணனுடைய மனைவி. “நான் படிச்சவ இல்ல சாமி. ஆனா பாக்கெட்டு பாக்கறதுக்குப் படிப்பு என்னத்துக்கு,” என்று சொல்லிவிட்டு முதல் பக்கத்தருகே போய் நின்றாள். அவள் நின்றதும் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். வசந்தாமணி என்ற ரேஷன் கடைக்காரியும் மோனிஷாவும் பக்க நம்பரைக் கூவும் பொறுப்பை ஏற்றார்கள்.

அந்த மத்தியானம் மண்டபத்தில் நடந்ததைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். பதினேழு, ரெண்டாவது படம், முந்தானை மாறியிருக்குது என்று வசந்தாமணி கூவுவாள். கோகிலவாணி படத்தைத் திறப்பாள், திருப்புவாள், சேமிப்பாள். பக்கத்தில் மாமனார் மருமகளோடு சரியான இடத்துக்கு வந்து நிற்பார். அதற்குள் அடுத்த குரல். பின்கொசுவம் வைத்துக் கட்டிய இரண்டு மூன்று பேருக்கு முந்தானைக் கணக்கு ஒத்துவரவில்லை. அவர்கள் வீட்டு ஆட்களையே கூப்பிட்டு மூக்குத்தி எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். சட்டை போடாமல் நின்ற பூசாரிக்குப் பூணூலைப் பார்த்தார்கள். மாட்டுக்காரர் தன் மாட்டின் சுழி எந்தப் பக்கம் என்று சத்தியம் பண்ணிச் சொன்னார். சின்னண்ணன் தன் படம் திரும்பியதும் கையைத் தூக்கிக் காட்டி, இப்பச் சரி என்று உட்கார்ந்துவிட்டார். யாரோ டீ வாங்கி வந்தார்கள். காலையில் திட்டிய வாய்களே இப்போது வேகமாக ஆகட்டும் என்றன. கோகிலவாணிக்குப் பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இருபது நாளாகப் பெயராகவும் படமாகவும் தெரிந்த அத்தனை பேரும் சுற்றி நின்று, இது என் கொழுந்தன், அது என் சின்ன மாமியார் என்று உரிமையோடு கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு வேலை அவள் பதினைந்து வருஷத்தில் செய்ததில்லை.

நாலே முக்காலுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. திருத்திய பக்கங்களை பிரிண்டர் துப்பித் தள்ளியது. கிளிப்பில் பழையதை எடுத்துப் புதியதை மாட்டினார்கள். அஞ்சு மணிக்கு சுப்பையன் வந்தார். ஒவ்வொரு பக்கமாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தபடி நடந்தார். முகத்திலிருந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. கோகிலவாணி அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபதாம் பக்கம் தாண்டினார். எழுபது தாண்டினார். எழுபத்தொன்றில் நின்றுவிட்டார்.

அது மறைந்தவர்களுக்கான பக்கம். மூன்றாவது படம் அவருடைய அண்ணன் ஆண்டி.

“காலையில இது சரியா இருந்துச்சு,” என்றார். “இப்ப மாத்தி வெச்சிருக்கறே.”

கோகிலவாணி ஓடிவந்து பக்கத்தைப் பார்த்தாள். சுப்பையன் வீடு கோயிலுக்கு அடுத்த சந்துதான். ஆளை அனுப்பிச் சுவரிலிருந்த போட்டோவைச் சட்டத்தோடு கொண்டுவரச் சொன்னார். மேஜையில் மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். இருபத்தோரு வயதுப் பையன், நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு, பக்கவாட்டில் வகிடு எடுத்து நிற்கிறான். சட்டத்தில் வகிடு ஒரு பக்கம், மானிட்டரில் மறுபக்கம். சந்தேகமே இல்லை, இரண்டும் நேர்மாறு.

“ஒண்ணே ஒண்ணுன்னு நீதான சொன்ன,” என்று சுப்பையன் கையை நீட்டினார். கோகிலவாணி பென் டிரைவைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள். வாக்குக் கொடுத்தாயிற்று, என்ன செய்ய? போவது போகட்டும், அவர் அண்ணன் படத்தையாவது சரியாகத் திருப்பி, அந்த ஒன்றை மறுபடி ஏற்றிக் கொடுத்துவிடலாம் என்று மவுஸைப் பிடித்தாள்.

அந்தக் கையின் மேல் இன்னொரு கை விழுந்தது. செல்லாயி.

எழுபத்தொன்றாம் பக்கத்தைச் செல்லாயி பார்த்திருக்கவில்லை. தொண்ணூற்றைந்து பக்கமும் பார்த்தவள், அதை மட்டும் மற்றவர்களிடம் விட்டுவிட்டாள். ஊரில் யாருக்கும் அது ஆச்சரியமில்லை. கல்யாணமாகி எட்டாவது மாசம் மேட்டூர் ரோட்டில் லாரி மோதி ஆண்டி போனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அவள் தாய்வீட்டுக்குத் திரும்பவில்லை; அந்த வீட்டிலேயே தறி ஓட்டிக்கொண்டு இருந்துவிட்டாள். ஆனால் கருமாதிக்கு வைத்த அந்தப் படத்துக்கு அவள் ஒருநாள்கூட விளக்கு ஏற்றியதில்லை, ஒருமுழம் பூ போட்டதில்லை, அது மாட்டியிருந்த அறைக்குள்ளேயே போனதில்லை. கல்மனசுக்காரி என்று பெயர் வந்தது. சுப்பையன் அதை அவள் முகத்துக்கு நேராகவே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். நாற்பத்து மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சு, தேவையான அளவுக்கு மட்டும்.

“தொடாத சாமி,” என்றாள் செல்லாயி. அவள் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து, மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனாள். பிறகு நிமிர்ந்து தன் கொழுந்தனைப் பார்த்தாள்.

“இவருதான்,” என்றாள். “அந்தச் சட்டத்துல இருக்கறது அவரில்ல. அன்னைக்கே சொன்னேன், அவராட்ட இல்லைன்னு. புருசன் போன துக்கத்துல பேசறான்னு அத்தன பேரும் சொன்னீங்க. தெனமும் யாரோ ஒருத்தரு மொகத்துக்கு நான் எப்பிடி வெளக்கு வெக்கறது?”

கோகிலவாணிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆண்டியின் படத்தை அவள் முதலில் திருப்பவே இல்லை! நேராகப் பார்க்கிற முகத்தை எதற்குத் திருப்புவாள்? வந்தபடியேதான் வைத்தாள். இன்றைக்கு பாக்கெட் மாறியிருக்கிறது என்று யாரோ கூவியதால், பெயரைக்கூடப் பார்க்காமல் திருப்பினாள். அப்படியானால் பாக்கெட் மாறியிருந்தது சட்டத்துக்குள் இருக்கிற அந்த போட்டோவிலேயே. அவள் போட்டோவைத் தூக்கி சுப்பையன் முன்னால் பிடித்தாள்.

“ஐயா, உங்க சட்டையப் பாருங்க. அப்புறம் இந்தச் சட்டையப் பாருங்க.”

சுப்பையன் குனிந்து தன் பாக்கெட்டைத் தொட்டார். போட்டோவைப் பார்த்தார். மறுபடி தன் பாக்கெட்டைத் தொட்டார்.

நெகட்டிவிலிருந்து பெரிசு பண்ணும்போது அதை மறுபுறமாக வைத்துவிட்டால் படம் இப்படித்தான் வரும் என்று கோகிலவாணி சொன்னாள். அவசரத்தில் யாருக்கும் நடக்கக்கூடியது; நான் ரெண்டு நாளில் நூற்றைம்பது பேருக்குப் பண்ணவில்லையா என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு வெட்கமாக இல்லை. அவள் சொல்லச் சொல்ல சுப்பையனின் முகம் மாறிக்கொண்டே வந்தது. அவர் மெல்ல அன்னதான பெஞ்சில் உட்கார்ந்தார்.

“நாந்தான் போனேன்,” என்றார். “எனக்குப் பதினேழு வயசு. மறுநா கருமாதி. ஸ்டூடியோக்காரரு நாளைக்கு வாடான்னாரு. இப்பவே வேணும்னு அங்கயே நின்னு அழுது, ஈரத்தோட வாங்கியாந்தேன். நெகட்டிவ வழியில எங்கயோ உட்டுட்டேன்.” அவர் செல்லாயியைப் பார்த்தார். அண்ணன் மனைவியை அந்தப் பக்கத்தில் நங்கை என்பார்கள். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டுப் பல வருஷம் இருக்கும். “நங்கே, உங்களப் போயி நான் கல்லுன்னு சொன்னேன்.”

செல்லாயி அவருக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். சுப்பையன் அழுதார். அவர் அழுது அந்த ஊர் பார்த்ததில்லை; சின்னண்ணன் ஒன்பது விரலாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து சுப்பையன் எழுந்து வந்தார். கையில் இறுக்கிப் பிடித்திருந்த பென் டிரைவைக் கீபோர்டின் மேல் வைத்தார். காலையில் அச்சாபீசுக்கு நீயே கொண்டு போ என்றார். இரண்டடி நடந்தவர் திரும்பி, கடைசிப் பக்கத்தில் உன் பெயரைப் போட்டாயா என்று கேட்டார். இன்னும் போடவில்லை என்றாள். இப்போதே என் கண்முன்னால் போடு, நாளைக்கு மறந்து தொலைப்பாய் என்று அதட்டினார். கோகிலவாணி அடித்தாள். லட்சக்கணக்கான பெயர் அடித்த விரல், சொந்தப் பெயரை அடிக்கும்போது இரண்டு தடவை தப்புப் பண்ணியது. வடிவமைப்பு: க. கோகிலவாணி, ஜலகண்டாபுரம். கலையரசன் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான், அவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே!

பிறகு செல்லாயி மேஜையருகே வந்தாள். எனக்கு அவர் படம் மட்டும் தனியாக, பெரிதாக ஒன்று வேண்டும் என்றாள். கோகிலவாணி வைத்திருந்ததிலேயே நல்ல தாளாகப் பார்த்துப் போட்டு, தாள் முழுக்க ஆண்டியை வைத்து பிரிண்ட் கொடுத்தாள். முதலில் முடி வந்தது, பிறகு வகிடு, பிறகு கண். செல்லாயி முழுதும் வெளியே வரும்வரை பொறுமையாக நின்று, இன்னும் சூடு ஆறாத தாளை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தாள். அதை மார்போடு வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் படியிறங்கினாள். கடைசிப் படியில் நின்று தாளைக் கொஞ்சம் விலக்கி, அந்த முகத்தைப் பார்த்தாள்.

“வாங்க, ஊட்டுக்குப் போலாம்,” என்றாள்.